பட்டை மங்கினால் புரதம் அழிகிறது என்று அர்த்தமா? சவ்வுப் புரத மியூட்டேஷனைச் செல்லில் சோதிக்க ஒரு வழிகாட்டி

லேபில் சேர்ந்து மூன்றாவது மாதம். வெஸ்டர்ன் பிளாட் (செல்லின் புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து, வேண்டியதை மட்டும் ஆன்டிபாடியால் பட்டையாகக் காட்டும் முறை) படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, "மியூட்டண்ட் புரதம் அழிந்துபோகிறது, பார்த்துவிட்டேன்" என்று சீனியர் அக்காவிடம் ஓடினேன். அவர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "அழிகிறது என்று உனக்கு எப்படித் தெரியும்? குறைவாக உருவாகியிருக்கலாமே? அந்த வெல்லில் (செல் வளர்க்கும் பிளேட்டின் குழியில்) மட்டும் டிரான்ஸ்ஃபெக்‌ஷன் (செல்லுக்குள் டிஎன்ஏவை ஏற்றுவது) சொதப்பியிருக்கலாமே?" என்றார். பதில் சொல்லத் தெரியாமல் திரும்பி வந்தேன். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் இதே இடத்தில் தடுக்கி விழுவதைப் பிறகு பார்த்துக்கொண்டே இருக்கிறேன், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வீட்டு மாடித் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஏறிப் பார்த்தால் கால் தொட்டி தண்ணீர்தான் இருக்கிறது. மோட்டார் சரியாக ஏற்றவில்லையா, அடியில் எங்காவது கசிகிறதா, இல்லை தண்ணீர் கீழே சம்ப்பிலேயே நின்றுவிட்டதா? மட்டத்தை மட்டும் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. மோட்டாரை நிறுத்திவிட்டு மணிக்கொருதரம் குச்சி விட்டுப் பார்க்க வேண்டும், சம்ப்பைத் திறந்து பார்க்க வேண்டும். ஒரே ஒரு வெஸ்டர்ன் பிளாட் என்பது அந்தக் காலை நேரத்து மட்டம்தான். உருவாவது, உடைவது, போய்ச் சேருவது, இந்த மூன்றையும் தனித்தனியாகக் கேட்கும் வகையில் சோதனையை முதலிலேயே அமைத்துக்கொண்டால் ஆறு மாதம் மிச்சமாகும்.

எல்லாப் புரதத்துக்கும் பொதுவாகச் சொன்னால் தலையில் ஏறாது. அதனால் ஒரே ஒரு புரதத்தைப் பிடித்துக்கொள்கிறேன்: சிஎஃப்டிஆர். இதில் கையாளும் முறையை அளவுகளை மட்டும் மாற்றி உங்கள் புரதத்துக்கும் பயன்படுத்தலாம். இதயத் துடிப்போடு தொடர்புடைய ஹெர்க் பொட்டாசியம் கால்வாயில் வேலை செய்யும் நண்பர்கள் கிட்டத்தட்ட இதே வரிசையில்தான் போகிறார்கள்.

ஏன் சிஎஃப்டிஆர்

நுரையீரல், கணையம் போன்ற உறுப்புகளின் உட்பரப்புச் செல்களில் குளோரைடு அயனியை வெளியே விடும் கால்வாய் இது. 1480 அமினோ அமிலங்கள். இது கெட்டுப்போனால் வருவதுதான் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய். மரபணுவைக் கண்டுபிடித்தது 1989ல், லாப்-சீ சுய், ஜாக் ரியோர்டன், பிரான்சிஸ் காலின்ஸ் ஆகியோரின் குழுக்கள். அப்போதே தெரிந்துவிட்டது, நோயாளிகளில் பெரும்பாலானோரிடம் 508வது இடத்தில் இருக்க வேண்டிய ஃபீனைல்அலனைன் ஒன்று காணாமல் போயிருக்கிறது என்று. இதைத்தான் எஃப்508டெல் என்கிறோம். ஐரோப்பிய வம்சாவளி நோயாளிகளில் பத்தில் எட்டொன்பது பேரிடமாவது இதன் ஒரு பிரதி இருக்கும்; இந்திய நோயாளிகளில் இதன் பங்கு அதைவிடக் குறைவு, வேறு மியூட்டேஷன்கள் கலந்து வரும்.

1480ல் ஒன்று. அந்த ஒன்று போனதால் கால்வாயே அடைத்துக்கொண்டது என்றுதான் முதலில் தோன்றும். 1990ல் செங், ஸ்மித் ஆகியோர் இருந்த குழு செல்லில் வைத்துப் பார்த்தபோது கதை வேறாக இருந்தது: புரதம் உருவாகிறது, ஆனால் எண்டோபிளாச வலையை (செல்லுக்குள் புரதம் உருவாகி மடியும் இடம்) விட்டு வெளியே வருவதே இல்லை. செல்லின் தரக்கட்டுப்பாடு அதைச் சரியாக மடியாத சரக்கு என்று பிடித்து நிறுத்திவிடுகிறது. 1995ல் இரண்டு குழுக்கள் தனித்தனியாக, பிடித்து நிறுத்தியதை உடைத்துப்போடுவது புரோட்டியாசோம் என்று காட்டின.

கற்றுக்கொள்ள இது ஏன் நல்ல புரதம் என்றால், ஜெல்லே உங்களுக்குக் கதை சொல்லும். புரதத்தின் வெளிப்பக்க வளையம் ஒன்றில், 894, 900 ஆகிய இடங்களில் சர்க்கரைச் சங்கிலிகள் ஒட்டிக்கொள்கின்றன. எண்டோபிளாச வலையில் இருக்கும்வரை சங்கிலி சிறியது, புரதம் சுமார் 140-150 கிலோடால்டனில் மெல்லிய பட்டையாகத் தெரியும், இதற்கு பி பட்டை என்று பெயர். அடுத்த நிலையமான கோல்கை உறுப்பைத் தாண்டிவிட்டால் சங்கிலி வளர்ந்து கனத்துப்போய் 170-180 பக்கம் சற்று அகலமான, கலங்கலான பட்டையாகத் தெரியும், அது சி பட்டை. சி இருந்தால் புரதம் ஊரைத் தாண்டிவிட்டது. பி மட்டும் இருந்தால் சோதனைச் சாவடியிலேயே நிற்கிறது. எஃப்508டெல்லை 37 டிகிரியில் வளர்த்த செல்லில் பார்த்தால் பி மட்டும்தான் இருக்கும், சி இருப்பதாகத் தோன்றினால் முதலில் உங்கள் குழாயில் ஒட்டிய லேபிளைச் சந்தேகப்படுங்கள்.

பிளாஸ்மிட்: அவசரப்படாதீர்கள்

மியூட்டேஷனை உண்டாக்குவது இன்றைக்குப் பெரிய வேலை இல்லை. மாற்றம் வேண்டிய இடத்தைச் சுமந்த இரண்டு பிரைமர்கள் (குட்டி டிஎன்ஏ துண்டுகள்), ஒரு பிசிஆர், பழைய பிளாஸ்மிட்டை (மரபணுவைச் சுமக்கும் வட்ட டிஎன்ஏ) மட்டும் வெட்டும் டிபிஎன்1 நொதி, பிறகு பாக்டீரியாவுக்குள் ஏற்றுவது. டிபிஎன்1 மெத்தில் குறியிட்ட டிஎன்ஏவை மட்டுமே வெட்டும், அதனால் ஆரம்பப் பிளாஸ்மிட் சாதாரண ஈ.கோலை வகையிலிருந்து எடுத்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, சிஎஃப்டிஆரின் முழு வரிசை 4443 எழுத்துகள், ஈ.கோலைக்கு இது பிடிக்கவே பிடிக்காது. துண்டாக்கிவிடும், நடுவில் எதையாவது செருகிவிடும். 30 டிகிரியில் மெதுவாக வளர்த்தால் தொல்லை குறையும், பெரிய காலனியைத் தேடிப் போகாமல் சின்னக் காலனிகளையும் எடுத்துப் பாருங்கள் (செழிப்பாக வளர்ந்த காலனி பெரும்பாலும் வரிசையைத் தூக்கிப் போட்டதாகவே இருக்கும்). மாற்றம் செய்த இடத்தை மட்டும் வரிசைப்படுத்திவிட்டு நிறுத்தாதீர்கள், ஆறேழு பிரைமர் ஆனாலும் முழுதாகப் படித்துவிடுங்கள்.

இரண்டு, நோயாளிகளிடம் இருக்கும் மாற்றம் எப்படிப்பட்டதோ அப்படியே செய்யுங்கள். இயல்பான வரிசை ஏடிசி ஏடிசி டிடிடி ஜிஜிடி. இயற்கையில் விழுந்தது டிடிடி என்ற கோடான் (ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்று எழுத்து) முழுசாக இல்லை, 507வது கோடானின் கடைசி எழுத்தும் 508ன் முதல் இரண்டும்தான், அதாவது சிடிடி. மிஞ்சுவது ஏடிசி ஏடிடி ஜிஜிடி. ஏடிசியும் ஏடிடியும் ஒரே ஐசோலூசின்தான், புரதத்தில் வித்தியாசம் இல்லை. ஆனால் எம்ஆர்என்ஏவின் மடிப்பு மாறுகிறது. கணினியில் டிடிடியை அழித்துவிட்டு ஆர்டர் போட்டால் நோயாளியிடம் இல்லாத ஒன்றை உருவாக்கி வைத்திருப்பீர்கள்.

கூடவே இன்னொரு மியூட்டண்டும் வேண்டும்: ஜி551டி (551வது இடத்தில் கிளைசினுக்குப் பதில் ஆஸ்பார்டிக் அமிலம்). இது சரியாக மடிந்து, சவ்வுக்கும் போய்ச் சேர்ந்துவிடும், ஆனால் கதவு திறக்காது. ஜெல்லில் வைல்டு டைப் (மாற்றம் இல்லாத இயல்பான புரதம்) மாதிரியே சி பட்டை தரும். "மியூட்டேஷன் என்றாலே புரதம் அழியும்" என்ற எண்ணம் உங்கள் மண்டையிலும் உங்கள் கைடின் மண்டையிலும் இருந்தால் இந்த ஒரு லேன் அதைச் சரிசெய்துவிடும்.

செல்

ஹெக்293 போதும். 1973ல் லைடனில் பிராங்க் கிரஹாம் உருவாக்கிய சிறுநீரகச் செல் வரிசை இது, டிரான்ஸ்ஃபெக்‌ஷனை எளிதாக ஏற்றுக்கொள்ளும். நுரையீரல் சம்பந்தமாகத்தான் முடிவு சொல்ல வேண்டும் என்றால் பின்னால் மூச்சுக்குழாய் எபிதீலியச் செல்லுக்கு மாறுங்கள், முதல் நாளே அங்கே போய் மாட்டிக்கொள்ள வேண்டாம். ஆனால் ஒன்றை மனதில் வையுங்கள்: புரதம் எவ்வளவு முதிர்கிறது என்பது செல்லைப் பொறுத்தது. ஹெக் போன்ற செல்லில் வெளியிலிருந்து ஏற்றிய வைல்டு டைப் சிஎஃப்டிஆரே பாதிக்கும் மேல் முதிராமல் உடைந்துபோகும். அதே வைல்டு டைப் தானாக இருக்கும் கேலு-3 போன்ற எபிதீலியச் செல்களில் கிட்டத்தட்ட முழுவதும் முதிர்ந்துவிடுகிறது. ஆக, உங்கள் சதவீதக் கணக்கு உங்கள் செல்லுக்கு மட்டும்தான்.

டிரான்ஸ்ஃபெக்‌ஷனில் புதியவர்கள் செய்யும் தவறு, அதிகம் ஊற்றுவது. பட்டை நன்றாகத் தெரிய வேண்டும் என்று 6 வெல் பிளேட்டில் ஒரு வெல்லுக்கு 3, 4 மைக்ரோகிராம் பிளாஸ்மிட் போடுவார்கள். செல்லின் சாப்பரோன்களும் (புரதம் மடிய உதவும் புரதங்கள்) புரோட்டியாசோமும் திணறிப்போய், உடைய வேண்டியது உடையாமல் தேங்கும், மியூட்டண்ட் வைல்டு டைப்பை விட நிலையாக இருப்பது போலக்கூடத் தோன்றும். கால், அரை, ஒன்று என்று மூன்று அளவில் போட்டுப் பாருங்கள், மொத்த டிஎன்ஏ அளவு மாறாதபடி மிச்சத்தைக் காலி வெக்டரால் (மரபணு ஏற்றாத பிளாஸ்மிட்) நிரப்புங்கள். பட்டை தெரியும் மிகக் குறைந்த அளவு எதுவோ அதுதான் உங்களுக்கானது.

அடுத்து சொல்லப்போவதை யாரும் எனக்கு முதலில் சொல்லித்தரவில்லை. நேரப்படி பார்க்கும் சோதனைக்கு ஒவ்வொரு வெல்லையும் தனித்தனியாக டிரான்ஸ்ஃபெக்ட் செய்யாதீர்கள். ஒரு 10 செ.மீ. டிஷ்ஷில் மொத்தமாகச் செய்து, 24 மணி நேரம் கழித்து டிரிப்சின் போட்டுப் பிரித்து, பாலிலைசின் பூசிய ஆறு வெல்லுக்குச் சமமாகப் பங்கிடுங்கள். எல்லா நேரப் புள்ளியும் ஒரே பானைச் சோறாக இருக்கும். பாலிலைசினைத் தவிர்க்காதீர்கள், ஹெக் செல் மீடியம் மாற்றும்போதே உரிந்து வந்துவிடும் சாது.

லைசேட் (உடைத்த செல்லின் கரைசல்), அப்புறம் அந்தக் கொதிக்க வைக்கும் சமாச்சாரம்

ஐஸ் மேல் வைத்து, குளிர்ந்த பிபிஎஸ்ஸால் இரண்டு முறை கழுவி, புரோட்டியேஸ் தடுப்பான் சேர்த்த ரிப்பா பஃபர் (செல்லை உடைக்கும் டிடர்ஜென்ட் கரைசல்) ஊற்றி, 4 டிகிரியில் அரை மணி நேரம் விட்டு, 15 நிமிடம் வேகமாகச் சுழற்றினால் மேலே இருப்பது உங்கள் சாம்பிள். கீழே இருக்கும் வண்டலைத் தூக்கி எறியாதீர்கள். திரண்டுபோன புரதம் டிடர்ஜென்டில் கரையாமல் அங்கேதான் இருக்கும். மேலே குறைந்தது கீழே போயிருந்தால் அது அழிந்ததாகாது.

இப்போது என் வெட்கக்கேடு. பாடப்புத்தகத்தில் லோடிங் பஃபர் சேர்த்து 95 டிகிரியில் 5 நிமிடம் என்று இருக்கும், டியூபுலின், ஆக்டின் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் செய்து பழகியிருந்தேன். சிஎஃப்டிஆருக்கும் அதையே செய்தேன். நாலு வாரம். ஒவ்வொரு பிளாட்டிலும் 150க்கும் 180க்கும் நடுவில் ஒன்றுமே இல்லை, மேலே கிணற்று வாயில் மட்டும் கறுப்பாக ஒரு கோடு. ஆன்டிபாடி கெட்டுவிட்டது என்று புதிதாக வாங்கச் சொல்லி மெயில் வேறு அனுப்பினேன். கடைசியில் ஒரு நாள் ஹீட் பிளாக் வேலை செய்யாமல் போய், அவசரத்தில் 37 டிகிரி வாட்டர் பாத்தில் சாம்பிளை அரை மணி நேரம் வைத்துவிட்டு ஓட்டினேன். இரண்டு பட்டையும் அழகாக வந்து நின்றது.

காரணம் எளிது. சவ்வைப் பலமுறை ஊடுருவும் புரதத்தில் எண்ணெய்த் தன்மையுள்ள பகுதி அதிகம். சூட்டில் அந்தப் பகுதிகள் லோடிங் பஃபரில் இருக்கும் எஸ்டிஎஸ் என்ற டிடர்ஜென்ட் மூடுவதற்குள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு, ஜெல்லுக்குள் நுழைய முடியாத உருண்டையாகிவிடும். முட்டையை அவித்துவிட்டு வெள்ளையைத் திரும்ப ஊற்ற முடியாத மாதிரி. உங்கள் புரதம் எதுவாக இருந்தாலும், முதல் சாம்பிளை அறை வெப்பநிலை, 37, 50, 95 என்று நாலாகப் பிரித்து ஒரே ஜெல்லில் ஓட்டிப் பார்த்துவிடுங்கள். அறை வெப்பநிலை என்று வெளிநாட்டுப் புரோட்டோகால் எழுதுவது 22, 25 டிகிரியை, மே மாதம் ஏசி வேலை செய்யாத நம் லேபை இல்லை.

ஜெல் 6 அல்லது 7 சதவீதம். பியும் சியும் பிரிய வேண்டும் என்றால் பொறுமையாக ஓடவிடுங்கள், 75 கிலோடால்டன் மார்க்கர் அடியை நெருங்கும்வரை. பெரிய புரதம் என்பதால் 4 டிகிரியில் இரவு முழுக்க ஈரமுறை டிரான்ஸ்ஃபர். ஆன்டிபாடிக்கு, வட கரோலினா பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வாளர்களுக்குக் கிடைக்கும் 596 எண் மோனோகுளோனல் பலரும் பயன்படுத்துவது. அது பிடிப்பது புரதத்தின் பின்பகுதியை, அதனால் ஜி542எக்ஸ் போல நடுவிலேயே நின்றுபோகும் மியூட்டண்டை அது காட்டாது. காட்டவில்லை என்பதால் அங்கே எதுவும் உருவாகவில்லை என்று எழுதிவிடாதீர்கள்.

பட்டை பியா சியா என்று சந்தேகம் வந்தால் எடையை வைத்து வாதாடாமல் நொதியிடம் கேளுங்கள். எண்டோ எச் நொதி எண்டோபிளாச வலைக் காலத்துச் சின்னச் சர்க்கரையை மட்டும் வெட்டும். பிஎன்கேஸ் எஃப் இரண்டையும் வெட்டும். எண்டோ எச் போட்டதும் பட்டை கீழே இறங்கினால் பி, அசையாமல் நின்று பிஎன்கேஸுக்கு மட்டும் இறங்கினால் சி. ஒரு மதியத்து வேலை, ரிவ்யூவர் கேட்கும் முதல் கேள்வியும் இதுதான்.

மோட்டாரை நிறுத்துவது: சைக்ளோஹெக்சிமைடு சேஸ்

சைக்ளோஹெக்சிமைடு ரைபோசோமை நிறுத்திவிடும். புதுப் புரதம் உருவாகாது, இருப்பது எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று மட்டும் பார்க்கலாம். மீடியத்தில் மி.லி.க்கு 100 மைக்ரோகிராம் என்பது வழக்கமான அளவு. நஞ்சு, கையுறை இல்லாமல் பொடியை எடை போடாதீர்கள்.

நேரம்: 0, 30 நிமிடம், 1, 2, 4, 8 மணி. எல்லோரும் ஒரே நேரத்தில் மருந்தைப் போட்டு, வெவ்வேறு நேரத்தில் செல்லை உடைப்பார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். காலை 9க்கு 8 மணி நேர வெல்லுக்கு மருந்து, மதியம் 1க்கு 4 மணி வெல், 3க்கு 2 மணி, 4க்கு 1 மணி, 4.30க்கு அரை மணி, 0 வெல்லுக்குக் கரைப்பான் மட்டும், மாலை 5க்கு எல்லாவற்றையும் ஒன்றாக ஐஸ் மேல் வையுங்கள். எல்லாச் செல்லுக்கும் வயது ஒன்று, லைசேட்டும் ஒரே கையால் ஒரே நேரத்தில்.

கூடவே மருந்து வேலை செய்கிறது என்பதற்கு ஒரு சாட்சி வேண்டும். சீக்கிரம் உடையும் புரதம் ஏதாவது ஒன்றுக்கும் பிளாட் செய்யுங்கள். சி-மிக் நல்லது, அரை மணி நேரத்துக்குள் பாதியாகிவிடும். பலர் பி53ஐப் பரிந்துரைப்பார்கள், ஹெக்கில் மட்டும் அது வேண்டாம்: அந்தச் செல்லில் குடியிருக்கும் அடினோவைரஸ் மரபணுக்கள் பி53ஐ உடையவிடாமல் கட்டிப்போட்டிருக்கின்றன, ஹெக்293டியாக இருந்தால் டி ஆன்டிஜென் என்ற வைரஸ் புரதம் வேறு சேர்ந்துகொள்ளும். மருந்து சரியாகவே வேலை செய்தாலும் பட்டை குறையாது, நீங்கள் புது பாட்டில் வாங்க ஓடுவீர்கள்.

கணக்கு. 0 மணியின் பட்டையை 100 என்று வைத்து மற்றதைச் சதவீதமாக்குங்கள். உதாரணத்துக்கு எஃப்508டெல்லின் பி பட்டை அரை மணியில் 62, ஒரு மணியில் 40, இரண்டு மணியில் 15 என்று வந்தால், இவற்றின் இயல் மடக்கையை நேரத்துக்கு எதிராகக் கோடு போடுங்கள். சரிவு மணிக்கு சுமார் 0.95 வரும். 0.693ஐ அதால் வகுத்தால் 0.73 மணி, அதாவது அரை ஆயுள் சுமார் 44 நிமிடம். கோடு நேராக வராமல் பாதியில் வளைந்தால் வலுக்கட்டாயமாக நேராக்காதீர்கள், உள்ளே இரண்டு வகைப் புரதக் கூட்டம் இரு வேகத்தில் உடைந்துகொண்டிருக்கலாம். இதற்கெல்லாம் முன்னால், ஒரே சாம்பிளை முழுசு, பாதி, கால், அரைக்கால் என்று ஓட்டி, உங்கள் கேமரா பாதியைப் பாதியாகத்தான் காட்டுகிறதா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். படம் முற்றிக் கறுத்துவிட்டால் 100க்கும் 60க்கும் வித்தியாசமே தெரியாது.

இனி வருகிற பொறியில் படித்தவர்களே விழுந்திருக்கிறார்கள். வைல்டு டைப்பிலும் பி பட்டை வேகமாகக் குறையும், எஃப்508டெல்லைப் போலவே. அதைப் பார்த்து இரண்டுக்கும் நிலைத்தன்மை ஒன்றுதான் என்று சொல்லிவிடக் கூடாது. வைல்டு டைப்பின் பி குறைவது இரண்டு காரணத்தால்: ஒரு பங்கு உடைகிறது, ஒரு பங்கு சியாக மாறி மேலே போகிறது. சம்ப் காலியானது கசிந்ததாலா, மாடிக்கு ஏறியதாலா என்பது மாடியையும் பார்த்தால்தான் தெரியும். பி, சி, பிளஸ் இரண்டின் கூட்டல், மூன்றையும் வரையுங்கள். எஃப்508டெல்லில் பி குறையும்போது சி எழும்பவே எழும்பாது, அங்கேதான் வித்தியாசம். முதிர்ந்த சி பட்டையின் அரை ஆயுளோ அரை நாளைத் தாண்டும். அதை அளக்க 8 மணி போதாது, அதற்கு மேல் சைக்ளோஹெக்சிமைடிலேயே செல் சாக ஆரம்பித்துவிடும். அங்கே கதிரியக்க மெத்தியோனின் பல்ஸ் சேஸ்தான் (கொஞ்ச நேரம் மட்டும் குறியிட்டு, குறியிட்ட புரதத்தை மட்டும் பின்தொடர்வது) நேர்மையான முறை, வசதி இருந்தால்.

சேஸில் மியூட்டண்டும் வைல்டு டைப்பும் ஒரே வேகத்தில் குறைந்து, 0 மணியில் மட்டும் மியூட்டண்ட் மங்கலாக இருந்தால் பிரச்சினை உருவாவதில் இருக்கிறது. எம்ஆர்என்ஏவை அளந்து பாருங்கள், ஆனால் டிஎன்ஏஸ் (டிஎன்ஏவை உடைக்கும் நொதி) போட்ட பிறகு. இல்லாவிட்டால் நீங்கள் அளப்பது செல்லுக்குள் நீங்களே ஏற்றிய பிளாஸ்மிட்டை.

யார் உடைக்கிறார்கள்

இரண்டு பேர் மேல் சந்தேகம்: புரோட்டியாசோம், லைசோசோம் (செல்லின் செரிமானப் பை). முதலாமவரை எம்ஜி132, 10 மைக்ரோமோலாரில் தடுக்கும், இரண்டாமவரை பாஃபிலோமைசின் ஏ1, 100 நானோமோலாரில். 4 முதல் 6 மணி நேரம் போதும். எம்ஜி132 கொடுத்த செல்லில் எஃப்508டெல்லின் பி பட்டை கூடி, யுபிக்விட்டின் (உடைக்க வேண்டியது என்று செல் ஒட்டும் குறி) ஒட்டிய புரதங்கள் மேலே புகைபோல எழும். பாஃபிலோமைசினுக்கு அங்கே பெரிய வித்தியாசம் இருக்காது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், உடைப்பதைத் தடுத்தாலும் சி பட்டை வராது என்பதுதான். குப்பை லாரியை நிறுத்தியதால் வீட்டில் குப்பை சேருமே தவிர அது சாமானாகிவிடாது. தேங்கிய புரதம் செல் மையத்துக்குப் பக்கத்தில் உருண்டையாகத் திரளும், 1998ல் அதற்கு அக்ரிசோம் என்று பெயர் வைத்தார்கள். நான் பத்திரப்படுத்தச் சொன்ன வண்டல் இங்கேதான் கைகொடுக்கும்: மேல் பகுதியில் மட்டும் பார்த்துவிட்டு "எம்ஜி132 பலனில்லை" என்று எழுதியவர்கள் உண்டு.

எம்ஜி132 சுத்தமான மருந்து இல்லை, லைசோசோமின் சில நொதிகளையும் கால்பெயின் என்ற புரதம் உடைக்கும் நொதியையும் சேர்த்துத் தடுக்கும். இன்னொரு புரோட்டியாசோம் தடுப்பானான போர்டிசோமிப் போட்டும் அதே விடை வருகிறதா என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

நிலைத்தன்மையா, வழித்தடமா

உடைகிறது என்று நிரூபித்தாயிற்று. ஏன் உடைகிறது? புரதம் தளர்ந்து தொளதொளத்துப் போனதாலா? அதற்குச் செல்லிலேயே இரண்டு சோதனை இருக்கிறது.

முதலாவது குளிர். 1992ல் டென்னிங் குழு கண்டது: எஃப்508டெல் செல்களை 37க்குப் பதில் 30க்குக் கீழே வளர்த்தால் சி பட்டை எட்டிப் பார்க்கிறது, குளோரைடும் ஓடுகிறது. 27 டிகிரியில் 24 முதல் 48 மணி நேரம் வைத்துப் பாருங்கள். உங்கள் மியூட்டண்டும் குளிரில் மீண்டால் மடிப்பில்தான் கோளாறு என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். மீட்டதை மறுபடி 37க்கு மாற்றி சேஸ் செய்தால் இன்னும் சுவாரசியம், சில மணி நேரத்தில் சவ்விலிருந்தே அது காணாமல் போகும், வைல்டு டைப் அசையாது. இம்முறை உடைப்பது லைசோசோம்! செல்லின் விளிம்பிலும் ஒரு சோதனைச் சாவடி இருக்கிறது. பாஃபிலோமைசின் இப்போது வேலை செய்யும்.

இரண்டாவது, இன்னொரு மியூட்டேஷன் சேர்ப்பது. 508வது அமினோ அமிலம் இருப்பது என்பிடி1 என்ற பகுதியில். அது போனதால் அந்தப் பகுதியே சூட்டுக்குத் தளர்கிறது, போதாக்குறைக்குச் சவ்வுப் பக்கத்து வளையத்தோடு சேரும் மூட்டும் கழன்றுவிடுகிறது. 1070ல் ஆர்ஜினினை எடுத்து டிரிப்டோஃபான் வைத்தால் மூட்டின் ஓட்டை கொஞ்சம் அடைபடும். 539ல் ஐசோலூசினுக்குத் திரியோனின் வைத்தால் என்பிடி1 இறுகும். ஒன்று மட்டும் செய்தால் பாதிக் கிணறுதான். இரண்டு பக்கமும் சேர்த்துச் சரிசெய்தால்தான் சி பட்டை நன்றாக மீளும் என்று 2012ல் இரண்டு குழுக்கள் காட்டின. மருந்திலும் அதே கதைதான்: லுமாகாஃப்டர் தனியாகக் கொஞ்சம்தான் மீட்டது. வேறு இடத்தில் பிடிக்கும் எலெக்சகாஃப்டரை டெசகாஃப்டர், ஐவகாஃப்டரோடு சேர்த்துக் கொடுத்தபோதுதான் நோயாளிகளுக்குப் பெரிய பலன் கிடைத்தது. அந்த மூன்று மருந்துக் கலவைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2019 அக்டோபரில். உங்கள் பிளேட்டில் ஒரு வெல்லுக்கு 3 மைக்ரோமோலார் லுமாகாஃப்டர் 24 மணி நேரம் கொடுத்து வைத்தால் மீட்சிக்கு நல்ல பாசிட்டிவ் கன்ட்ரோல்.

சவ்வில் இருக்கிறதா

சி பட்டை இருந்தால் கோல்கையைத் தாண்டியது உறுதி, செல் பரப்பில் இருப்பது உறுதியில்லை. பரப்பைத் தனியாக அளக்க எளிய வழி, நாலாவது வெளி வளையத்தில் எச்ஏ டேக் (ஆன்டிபாடி பிடிக்கும் சின்ன அடையாளத் துண்டு) வைத்த சிஎஃப்டிஆரை எடுத்து, செல்லை உடைக்காமல், ஐஸ் மேல் ஆன்டிபாடி போட்டு எலைசா போல (ஒட்டிய ஆன்டிபாடியின் அளவை நிறமாக்கிப் படிப்பது) அளப்பது. ஐஸ் முக்கியம், சூடாக இருந்தால் செல் ஆன்டிபாடியோடு புரதத்தையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். பயோட்டின் முறையில் (செல் பரப்பில் இருக்கும் புரதங்களில் மட்டும் பயோட்டினை ஒட்டி, ஒட்டியதை இழுத்தெடுப்பது) போவதாக இருந்தால், இழுத்தெடுத்த பகுதியில் டியூபுலினுக்கு ஒரு பிளாட் கட்டாயம். டியூபுலின் செல்லுக்குள் இருக்கும் புரதம், அங்கே அது தெரிந்தால் செல்லின் சவ்வு கிழிந்து பயோட்டின் உள்ளே போயிருக்கிறது, அந்தப் பிளேட்டைக் கழித்துவிடுங்கள்.

கால்வாய் திறக்கிறதா என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம், இங்கே தொடவில்லை.

கடைசியாக நோட்டுப் புத்தகம். மூன்று முறை என்றால் மூன்று வெவ்வேறு நாளின் டிரான்ஸ்ஃபெக்‌ஷன், ஒரே லைசேட்டை மூன்று லேனில் ஓட்டுவது கணக்கில் சேராது. ஒவ்வொரு முறையும் செல்லின் பாசேஜ் எண் (எத்தனை முறை பிரித்து வளர்த்தது என்பது), பிளாஸ்மிட் எடுத்த தேதி, சாம்பிளைச் சூடாக்கிய டிகிரி, இன்குபேட்டரின் உண்மையான வெப்பநிலை, இந்த நாலையும் எழுதுங்கள். 27க்கு வைத்த இன்குபேட்டரை யாராவது அவசரத்தில் 37க்குத் திருப்பிவிட்டுப் போயிருந்தால் உங்கள் சி பட்டை காணாமல் போன காரணம் அந்த வரியில்தான் கிடைக்கும். எனக்கு அப்படித்தான் கிடைத்தது, அதுவும் இரண்டு மாதம் கழித்து.